சுழல்பவர் ஏன் தடுமாறுவதில்லை?

ஆசிரியருக்கு,

வணக்கம். சூஃபிகளின் பரவச நிலை பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துருக்கியின் கொன்யா நகரச் சுழல் நடனத்தையும் பாரசீகப் பள்ளிவாசல்களின் வண்ண ஓடுகளையும் போதை மருந்தின் மயக்கத்தோடு ஒரே தட்டில் வைத்துவிட்டார் கட்டுரையாளர். எனக்கு உடன்பாடில்லை.

‘ஹால்’ எனும் பரவசம் சூஃபிகளின் கணக்கில் தானாக வந்து போவது. அதைப் பிடித்துக்கொண்டு தொங்குபவரை ஷைகுமார்கள் (சூஃபி குருமார்கள்) கண்டித்தே வந்திருக்கிறார்கள். சூஃபி ஞானி பாயஸீத் பிஸ்தாமியின் பரவச மயக்கத்தைக் கொண்டாடியவர்கள் உண்டுதான். ஆனால் 910இல் மறைந்த பக்தாத் ஜுனைத் தெளிவின் பக்கம் நின்றவர். பிற்காலத் தரீக்காக்கள் (சூஃபி மரபுகள்) பலவும் அவரைத் தங்கள் குருவழியில் சேர்த்துக்கொண்டன. இசைச் சபையில் மற்றவர்கள் ஆட, அவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். ஏன் என்று கேட்டபோது குர்ஆன் வசனம் ஒன்றைச் சொன்னார் என்பார்கள்: மலைகளைப் பார்த்து அசையாதவை என்று எண்ணுகிறாய், அவையோ மேகம்போல் நகர்கின்றன. மார்க்க அறிஞர் இமாம் கஸ்ஸாலியும், அடக்கிக்கொள்ள முடிகிறவரை எழவோ சத்தமிட்டு அழவோ கூடாது என்றுதான் எழுதிவைத்தார்.

கட்டுரைப் படத்தின் அடியில் ‘தன்னை மறந்த துறவி’ என்று போட்டிருக்கிறீர்கள். (துறவி எங்கே வந்தார்? ரூமியே பிள்ளைகுட்டிக்காரர்.) ரூமியின் வழிவந்த மெவ்லவி தரீக்காவின் முரீது (சீடர்) சுழலக் கற்றது ஒரு மரப்பலகையின் மேல். பலகை நடுவே வழுவழுப்பான ஆணி. இடதுகாலின் பெருவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே அது இருக்க, பலகையில் உப்பைத் தூவிக்கொண்டு, அந்தக் காலையே அச்சாக்கிச் சுற்றிச் சுற்றிப் பழக வேண்டும். முழுத் தர்வேஷ் ஆவதற்கு 1001 நாள் பணிவிடை. அதுவும் பெரும்பாலும் சமையற்கட்டைச் சுற்றித்தான். இவ்வளவும் கடந்து சபைக்கு வருபவர் யார்மீதும் இடிக்காமல் சுழல்கிறார், ஸலாம் எனப்படும் நான்கு சுற்றுகளிலும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறார். மயங்கியவரால் ஆகிற காரியமா இது?

ஓடுகளின் கதையும் அப்படித்தான். 1619இல் கட்டி முடித்த, ஈரானின் இஸ்ஃபஹான் நகர ஷைகு லுத்ஃபுல்லா பள்ளிவாசலில், எதிரே உள்ள சதுக்கத்தின் திசையும் கிப்லாவின் (தொழுகைக்கு முகம் திருப்பும் மக்கா திசையின்) போக்கும் ஒத்துப்போகவில்லை. ஆகவே வாசலில் நுழைந்ததும் மங்கலான நடையில் வளைந்து திரும்பித்தான் தொழுமிடத்துக்குப் போக முடியும். அங்கே தலைக்கு மேல், எலுமிச்சை வடிவக் கட்டங்கள் உச்சியை நோக்கிச் சிறுத்துக்கொண்டே போகின்றன. பார்ப்பவருக்கு மெய்சிலிர்க்கும், மறுக்கவில்லை. கட்டியவர்களோ ஒரு வரிசை பிசகினாலும் அடுத்தது பொருந்தாத கணக்கோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்று. 1925இல் துருக்கி அரசு தரீக்கா மடங்களை மூடியது. 1950களில் சுழல் நடனம் பண்பாட்டு நிகழ்ச்சியாகத்தான் மேடைக்குத் திரும்பியது. கட்டுரையாளர் வர்ணிப்பதும் அந்த மேடை வடிவத்தையே. அதை அவர் சொல்லாமல் விட்டதில் எனக்கு வருத்தம். அடுத்த பகுதி திக்ரு (இறைவனை நினைந்து ஓதுதல்) பற்றியது என்று அறிவித்திருக்கிறீர்கள். அதிலாவது ஷைகின் கண்காணிப்புக்கும் அன்றாடப் பயிற்சிக்கும் நாலு பத்தி ஒதுக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்