ஆழ்கிணற்றுப் புவிவெப்பம்: கணக்கு எங்கே இடிக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆழ்கிணறுகளின் வழியே பெறப்படும் புவிவெப்ப ஆற்றலைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, நிலத்தடி வெப்பம் வற்றாதது என்பதையே வணிக வெற்றிக்கான உறுதியாக எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 25 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வெப்பநிலை உயர்வதால், போதிய ஆழம் தோண்டினால் சூடு எங்கும் கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. அந்தச் சூட்டைச் சுமந்து வரும் நீர் பாறைக்குள் போதிய அளவு ஓடுமா என்பதில்தான் முதலீட்டாளர்கள் தயங்குகிறார்கள்.

ஒரு கிணற்றிலிருந்து 150 பாகை வெந்நீர் வினாடிக்கு 50 கிலோ வருவதாகக் கொள்வோம். அதை 70 பாகை வரை குளிரச் செய்தால் ஏறத்தாழ 17 மெகாவாட் வெப்பம் கிடைக்கும். மின்சாரமாக மாற்றினால் 2 மெகாவாட்டைத் தொடுவதே கடினம். நீரேற்றும் பம்புகளும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். நீரோட்டம் பாதியானால் வருவாயும் பாதியாகும், ஆனால் துளையிட்ட செலவில் ஒரு காசும் குறையாது. ஆஸ்திரேலியாவின் கூப்பர் படுகையில் 4 கிலோமீட்டருக்கும் கீழே மிகச் சூடான கருங்கல் பாறை இருந்தும், 2013இல் இயங்கிய 1 மெகாவாட் சோதனை நிலையம் வணிக நிலையை எட்டவில்லை. பின்லாந்தின் எஸ்போ நகரில் 6 கிலோமீட்டருக்கும் மேல் தோண்டியும், போதிய நீரோட்டம் இல்லாமல் திட்டம் கைவிடப்பட்டது.

இதனால் இத்துறையை ஒதுக்கிவிட வேண்டும் என்று நான் கூறவில்லை. 2023இல் அமெரிக்காவின் நெவாடாவில், ஷேல் எனும் படிவுப் பாறையிலிருந்து எரிவாயு எடுக்கும் துறையில் தேர்ந்த கிடைமட்டத் துளையிடுதலையும், நீரை மிகு அழுத்தத்தில் செலுத்திப் பாறையில் பிளவுகளை உண்டாக்கும் பாறைப் பிளவூட்டலையும் கொண்டு, வினாடிக்கு 63 லிட்டர் நீரோட்டமும் 3.5 மெகாவாட் மின்திறனும் எட்டப்பட்டன. இது உண்மையான முன்னேற்றம். எனினும் அந்த ஓட்டமும் வெப்பநிலையும் இருபது ஆண்டுகள் நீடிக்குமா என்பதைக் காலம்தான் காட்ட வேண்டும். பாறை வெப்பத்தை மெதுவாகவே கடத்துவதால், விரைந்து எடுத்தால் கிணற்றைச் சுற்றியுள்ள பகுதி குளிர்ந்துவிடும்.

நிலநடுக்கத்தைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிட்டது வருத்தமளிக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006இல் புவிவெப்பக் கிணற்றில் மிகு அழுத்தத்தில் நீர் செலுத்தியதால் 3.4 அளவில் நில அதிர்வு ஏற்பட்டு, திட்டமே நின்றது. தென்கொரியாவின் போஹாங்கில் 2017இல் நேர்ந்த 5.5 அளவிலான நிலநடுக்கத்தைப் புவிவெப்பத் திட்டமே தூண்டியது என்று அரசு அமைத்த குழு 2019இல் தெரிவித்தது. இழப்பீட்டுப் பொறுப்பைச் சேர்க்காமல் போடப்படும் எந்த விலைக் கணக்கும் முழுமையானதல்ல.

வெப்பத்தை வெப்பமாகவே விற்கும்போது நிலைமை வேறு. பாரிஸைச் சுற்றிய பகுதியில் 2 கிலோமீட்டருக்கு உட்பட்ட ஆழத்து வெந்நீர் பல பத்தாண்டுகளாகக் குடியிருப்புகளைச் சூடாக்கி வருகிறது. மின்சாரமாக மாற்றும்போது வீணாகும் பெரும்பகுதி வெப்பம் அங்கே வீணாவதில்லை. அதனினும் முக்கியமாக, கிணறு பொய்த்தால் இழப்பில் ஒரு பகுதியை ஈடுசெய்யும் உறுதி நிதி ஒன்றைப் பிரான்ஸ் 1980களிலேயே ஏற்படுத்தியது. கென்யாவின் மெனெங்காயில் அரசு நிறுவனமே கிணறு தோண்டி, நீராவியைத் தனியார் மின் நிலையங்களுக்கு விற்கிறது. முதல் கிணற்றின் ஆபத்தைத் தனியார் முதலீடு மட்டுமே தாங்கும் என்று எதிர்பார்ப்பது நடைமுறைக்கு ஒவ்வாதது.

அதே வேளையில், பொதுப்பணம் பெறும் ஒவ்வொரு கிணற்றின் நீரோட்டமும் வெப்பநிலையும், பொய்த்துப்போன கிணறுகளுடையவை உட்பட, வெளியிடப்பட வேண்டும் என்று சட்டமே கட்டாயப்படுத்த வேண்டும். அந்த விவரங்கள் கையில் இருந்தால்தான், அருகில் அடுத்த கிணறு தோண்ட வருபவருக்கு வங்கி குறைந்த வட்டியில் கடன் தரும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்