இருட்டிவிட்டால் பார்க்க ஒன்றுமில்லையா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கோடை இணைப்பிதழில் ஊட்டி மலர்க் காட்சி, ரோஜாக் காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்கா பழக் காட்சி, கோத்தகிரி காய்கறிக் காட்சி, கூடலூர் வாசனைப் பொருள் காட்சி என்று ஒன்று விடாமல் போட்டிருந்தீர்கள். கடைசியில் ஒரு வரி: ‘இருட்டிய பிறகு மலையில் பார்க்க ஒன்றுமில்லை.’ அச்சுக்குப் போகும் முன் அந்த வரி யார் கண்ணையும் உறுத்தவில்லையா?

சித்திரை, வைகாசியில் எஸ்டேட் மாரியம்மன் திருவிழாக்களில் பொன்னர் சங்கரும் அருச்சுனன் தபசும் விடிய விடிய நடக்கின்றன. 1964 ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்து இங்கே கொழுந்து பறிக்கப் போனவர்கள் உயிராகக் காத்துவரும் கூத்துகள் இவை. தங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் வருத்தம் அதிகம்.

முன்பொரு மே மாதம் காமன் கூத்துப் படத்தைப் போட்டு, ‘கோடை விழா நடனம்’ என்று கீழே எழுதினீர்கள். காமன் கூத்து மாசிக்குரியது. அமாவாசை கழிந்து கம்பம் ஊன்றி, பௌர்ணமியை ஒட்டிக் காமனை எரிப்பார்கள். அந்தப் படத்தை நம்பி மே மாதம் காமன் பொட்டலுக்கு வருகிறவர் வெறும் மண்ணைத்தான் பார்ப்பார். ஆடியவர்களின் பெயர் படத்தின் கீழ் இல்லை. எந்த வருடமும் இருந்ததில்லை.

விழா மேடையில் கூத்து எடுபடவில்லை என்றும் ஒருமுறை விமர்சனம் வந்தது. மெல்லிசைக்கு நடுவே இருபது நிமிடம் கொடுத்தால் எப்படி எடுபடும்? கடவுள் வாழ்த்து முடிந்து, கோமாளியாக வரும் கட்டியக்காரன் கதை சொல்லி, முதல் வேஷம் திரைக்குப் பின்னால் நின்று பாடிவிட்டு வெளியே வருவதற்குள் அந்த நேரம் தீர்ந்துவிடும்.

மலைக்குளிருக்கென்று தனிச் சங்கடங்களும் உண்டு. முகப்பூச்சுக்கான முத்துவெள்ளைப் பொடியைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துப் பூசுகிறோம். அந்த எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டியில் மே மாத இரவு அதைவிடக் குளிர். உறைந்த எண்ணெயில் குழைத்தால் பூச்சு திட்டுத்திட்டாக நிற்கும், வியர்த்ததும் உரியும். வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குழைக்க வேண்டும். பனியில் தப்பு மேளத்தின் தோல் தொய்ந்து சத்தம் மொத்தென்று விழும். காய்ச்சினால்தான் நாதம் பிடிக்கும், அதுவும் ஒருமுறை காய்ச்சினால் போதாது. அடுத்தடுத்த காட்சிக்கு முன்பும் சூடு காட்ட வேண்டும். மேடைப் பக்கம் நெருப்பே கூடாது என்று தடுத்துவிடுகிறார்கள். கங்குச் சட்டி ஒன்று, பக்கத்தில் மணல் வாளி இரண்டு, ஆள் ஒருவர் இருந்தால் போதுமே! மைக்கும் அப்படித்தான். முன்னால் ஒரே ஒரு ஸ்டாண்ட் மைக் வைத்தால் ஆடுகிறவர் திரும்பியதும் குரல் போய்விடும், பின்பாட்டு கேட்கவே கேட்காது. பின்பாட்டுக்குத் தனி மைக்கும், காற்று இரையாமல் இருக்க எல்லா மைக்குக்கும் பஞ்சுறையும் வேண்டும். நனைந்த கம்பள விரிப்பில் சலங்கைக் கால் வழுக்கும். கெட்டித்த மண் தரையே நல்லது. இத்தனையும் தவறிய மேடையைப் பார்த்துவிட்டுக் கூத்தைக் குறை சொன்னது நியாயமா?

பார்க்க வருகிறவர்கள் இரவு ஒன்பது மணிக்கே வந்தால் வேஷம் கட்டுவதையும் பார்க்கலாம். கம்பளியும், கீழே விரிக்க பிளாஸ்டிக் தாளும் கொண்டுவர வேண்டும். பொன்னர் சங்கர் பார்ப்பவர்கள் பாதி இரவில் எழுந்து போய்விடக் கூடாது. அண்ணன்மார் இருவரும் மாண்டு விழுந்து, தங்கை தங்காள் அவர்களை எழுப்பும் படுகளக் காட்சி விடியலை நெருங்கித்தான் வரும். அப்போது சிலருக்கு அருள் வரும். கேமரா வெளிச்சத்தை முகத்தில் அடிக்காதீர்கள். எனக்கு இந்த மலையில் இதைவிடப் பெரிய காட்சி வேறில்லை.

தங்களிடம் கேட்பது மூன்று வரி இடம். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியில் எந்த எஸ்டேட், என்ன கூத்து, தொடங்கும் நேரம், வாத்தியார் பெயர் இவற்றைப் போடுங்கள். திருவிழா நோட்டீஸ்களை நாங்களே கொண்டுவந்து தருகிறோம். இணைப்பிதழை அடுத்த வருடம் மறுபடி அச்சிடும்போது அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கூத்து ஒப்பனைக்காரர் ஒருவர்,
கோத்தகிரி