எரிமலையைக் காட்டிக் குடுக்கறது சாம்பல் இல்ல, ஆசிட்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்புல கிரீன்லாந்து பனிக்கட்டிய தோண்டி பழைய எரிமலை வெடிப்பையெல்லாம் கண்டுபிடிக்கிறாங்கன்னு போட்டிருந்தீங்க, நல்ல கட்டுரைதான், ஆனா சாம்பல வச்சு கண்டுபிடிக்கிறாங்கன்னு ஒரே வரில முடிச்சுட்டீங்க. சாம்பலும் சில அடுக்குல கெடைக்கும், இல்லைங்கல. பெரும்பாலும் முதல்ல மாட்டுறது ஆசிட்டுதான். வெடிப்புல கிளம்புற சல்ஃபர் டை ஆக்சைடு மேல போயி சல்ஃப்யூரிக் ஆசிட்டா மாறி, எங்கெங்கயோ சுத்தி, பனியோட சேந்து விழுந்து அந்தந்த வருஷத்து அடுக்குலயே உறைஞ்சு கெடக்கு.

அத எப்படி பாக்குறாங்கங்கறதுதான் சுவாரஸ்யமே. டென்மார்க் விஞ்ஞானி கிளாஸ் ஹாமர் 1980ல வெளியிட்ட முறை இது. ஐஸ் கட்டிய நீளவாக்குல சீவி மட்டமாக்கி, கரண்ட்டு குடுக்கற ரெண்டு எலக்ட்ரோடு முனைய மேல வச்சு, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல டிசி, அதாவது ஒரே திசைல பாயுற மின்சாரம், குடுத்துக்கிட்டே இந்த முனைலேந்து அந்த முனைக்கு இழுத்துட்டு போவாங்க, பாயுற கரண்ட்டு மைக்ரோ ஆம்பியர் கணக்குலதான் இருக்கும், ஆசிட் அடுக்கு வந்ததும் கிராஃப் சர்ருன்னு மேல ஏறும். உருக்க வேணாம், கெமிக்கல் ஊத்த வேணாம்.

உப்பு இருந்தாலும் கரண்ட்டு பாயுமேன்னு கேக்கலாம். தண்ணில சரி, ஐஸ்ல உப்போட அயனிங்க, அதாவது மின்னேற்றம் உள்ள துகளுங்க, நகர முடியாம மாட்டிக்குது, அதனால இந்த டிசி சோதனைல அது பெருசா தெரியாது. ஆசிட் குடுக்கற புரோட்டான், அதாவது ஹைட்ரஜன் அயனி, அப்படி இல்ல, சித்தாளுங்க வரிசையா நின்னு செங்கல்ல கை மாத்துற மாதிரி ஒரு தண்ணி மூலக்கூறு தன்கிட்ட இருக்கறத பக்கத்துல இருக்கறதுகிட்ட தள்ளிவிடும், யாரும் எடத்த விட்டு நகர வேண்டியதே இல்ல. 1988ல அன்டார்க்டிகா ஐஸ பிரிட்டிஷ்காரங்க மைக்ரோஸ்கோப்ல பாத்தப்ப சல்ஃப்யூரிக் ஆசிட் படிகத்துக்குள்ள இல்லாம படிகங்க ஒண்ணோட ஒண்ணு சேர்ற இடுக்குல கெடந்துச்சு, அந்த கலவை மைனஸ் 70 டிகிரிக்கும் கீழ போனாத்தான் முழுசா உறையும்ங்கறதால அங்க திரவமாவே இருந்து கரண்ட்ட கடத்தவும் வாய்ப்பு இருக்கு.

1783ல ஐஸ்லாந்தோட லாக்கி, 1815ல இந்தோனேசியாவோட தம்போரா ரெண்டுமே கிரீன்லாந்து ஐஸ்ல பளிச்னு தெரியுது. 1809ல இன்னொரு வெடிப்போட தடம் ரெண்டு துருவத்து ஐஸ்லயும் இருக்கு, எந்த மலைன்னுதான் இன்னும் பிடிபடல. இத நீங்க எழுதாம விட்டதுதான் எனக்கு ஆதங்கம்!

ஒண்ணு மட்டும் கவனிக்கணும். பனியுகத்து கிரீன்லாந்து ஐஸ்ல கிராஃப் ஏறாம பெரும்பாலும் படுத்தே கெடக்கும், ஏன்னா அப்ப வந்து விழுந்த சுண்ணாம்பு தூசி ஆசிட்ட முறிச்சுடுச்சு, அத வச்சு அப்ப எரிமலையே வெடிக்கலன்னு சொல்லிடக் கூடாது, ஆசிட் முறிஞ்சாலும் மிஞ்சி நிக்கிற சல்ஃபேட்ட தனியா அளந்து பாத்தாத்தான் தெரியும்.

அடுத்த தடவ போடும்போது அந்த கிராஃப ஒரு ஓரமாவாவது போடுங்க சார், பென்குயின் படம் வேணாம், கிரீன்லாந்துல பென்குயினே கெடையாது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்