தேனீ ஹோட்டலும் எங்கள் பழைய சாளையும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் தேனீ ஹோட்டல் பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்தது. கூட்டமாகச் சேராமல் தனியாக வாழும் தேனீக்கள் முட்டையிட, மரத்திலும் மூங்கிலிலும் ஓட்டைகள் வைத்துச் செய்கிற கூடு அது. எழுத வேண்டிய விஷயம்தான். ஆனால் படத்துக்குக் கீழே ‘மாடியிலேயே தேன் எடுக்கலாம்’ என்று போட்டுவிட்டீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் ஊரில் இரண்டு பேர் என்னிடம் தேன் வாங்கப் போசி எடுத்துக்கொண்டு வராத குறைதான்.

அந்த ஓட்டைகளுக்குக் குடிவரும் தேனீயிடம் எடுப்பதற்குத் தேன் இருக்காது. ராணி கிடையாது, அடை கிடையாது. ஒவ்வொரு பெண்ணும் தனிக்குடித்தனம். ஓட்டையைத் தேடிப் பிடித்து, மகரந்தத்தைப் பூந்தேனில் பிசைந்து உருட்டி வைத்து, அதன்மேல் ஒரு முட்டை இட்டு, குறுக்கே சுவர் வைத்து அடைத்துவிட்டு அடுத்த அறையைத் தொடங்கும். ஆண் ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போடாது. காக்க வேண்டிய தேன்கூடு இல்லாததால் துரத்திக்கொண்டு வந்து கொட்டும் பழக்கமும் இல்லை.

நான் கோயமுத்தூரில் 38 வருஷம் லேத் பட்டறையில் டர்னராக இருந்தவன். இப்போது மூலனூர்ப் பக்கம் தோட்டத்தில் முருங்கையோடு காலம் போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன் மகன் ஆன்லைனில் ஒரு தேனீ ஹோட்டல் வாங்கி அனுப்பினான். பார்க்க பொம்மை வீடு மாதிரி அழகாகத்தான் இருந்தது. மூங்கில் துண்டுகள் இரண்டு பக்கமும் திறந்து கிடந்தன, உள்ளே கைவைத்தால் பிசிறு குத்தியது. மீதி இடத்தில் மரச்சீவலும் ஏதோ மலைக்காயும் அடைத்திருந்தார்கள். அதை முருங்கைக் கிளையில் கம்பி போட்டுத் தொங்கவிட்டேன். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். ஹோட்டல் ஊஞ்சல் ஆடியது. ஒரு வருஷத்தில் வந்து தங்கியது எறும்பும் ஒரு பல்லியும்தான்.

அப்புறம் நானே செய்தேன். புது வீடு கட்டும்போது பிரித்துப் போட்ட சாளையின், அதாவது தோட்டத்தில் இருந்த எங்கள் பழைய ஓட்டுவீட்டின், உத்தரக் கட்டை ஒன்று கிடந்தது. பெயின்ட், வார்னிஷ் எதுவும் படாத காய்ந்த மரம். அதில் 4 மில்லிமீட்டரிலிருந்து 10 வரை ஓட்டை போட்டேன். ஆழம் 15 சென்டிமீட்டர், பின்பக்கம் மூடியபடியே இருக்க வேண்டும். கடையில் சும்மா கிடைக்கிற 8 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் மொத்த நீளமே 12 சென்டிமீட்டர் வராது, நீள பிட் கேட்டு வாங்கவேண்டும். கட்டையின் வெட்டுமுகத்தில் போடாமல் பக்கவாட்டில் போடுங்கள், இல்லாவிட்டால் வெயிலில் வெடித்துவிடும். போட்டு முடித்ததும் உப்புத்தாளைக் குச்சியில் சுற்றிப் பிசிறு எடுக்க வேண்டும், அது றெக்கையைக் கிழிக்கும். கண்ணாடிக் குழாய், பிளாஸ்டிக் ஸ்ட்ரா எல்லாம் வேண்டாம். ஈரம் வெளியே போகாமல் பூசணம் பிடித்து உள்ளே இருக்கும் தேனீப் புழு செத்துவிடும்.

ஆழத்தில் ஏன் இவ்வளவு கறார் என்றால் காரணம் இருக்கிறது. தாய்த்தேனீ பெண் முட்டைகளை உள்ளே கடைசியிலும் ஆண் முட்டைகளை வாசல் பக்கமும் இடும். ஆண்கள்தான் முதலில் வெளியே வரும். ஓட்டை குட்டையாக இருந்தால் பெரும்பாலும் ஆணாகவே இட்டுவிட்டுப் போய்விடும். கட்டுரைப் படத்தில் இருந்த ஹோட்டலில் ஆழம் நாலு விரல் இருந்தால் அதிகம். அது மாப்பிள்ளைகள் மட்டும் தங்கும் மேன்ஷன்.

கட்டையைக் கிழக்குப் பார்த்து, நெஞ்சு உயரத்தில், ஆடாத இரும்புக் குழாயில் போல்ட் போட்டு முடுக்கினேன். மேலே மழைக்குச் சாளையின் பழைய ஓடு இரண்டு. குழாயின் அடியில் துணி சுற்றி கிரீஸ் தடவியதும் எறும்பு நின்றது.

நாலாவது வாரம் எங்க வீட்டுக்காரி கூப்பிட்டாள். “ஏனுங்க மாமா, ரோசா இலையெல்லாம் யாரோ வட்டம் வட்டமா வெட்டிப்போட்டிருக்குதுங்க, வந்து பாருங்க.” பஞ்ச் வைத்து அடித்ததுபோல் அத்தனை சுத்தமான வட்டம். முன்பு ஒருமுறை இதே மாதிரி இலையை மருந்துக்கடையில் காட்டியபோது புழு என்று சொல்லி ஒரு டப்பா கொடுத்தார்கள். நானும் அடித்தேன். இப்போது நினைத்தால் சங்கடமாக இருக்கிறது. இலைவெட்டித் தேனீ இலையைத் தின்பதில்லை. நீளவாக்கில் வெட்டியதை அறைக்குச் சுவராகச் சுற்றும், வட்டமாக வெட்டியதை மூடியாக வைக்கும். இப்போது 6, 8 மில்லிமீட்டர் ஓட்டைகளில் பதினொன்று பச்சை மூடியோடு இருக்கின்றன. இரண்டை மண் பூசி அடைத்தது குளவி. வீட்டில் குளவி கூடு கட்டினால் பிள்ளை பிறக்கும் என்பார்கள், மருமகளிடம் இன்னும் சொல்லவில்லை.

விரல் நுழையும் மூங்கிலைக் கணு பின்னால் வரும்படி அறுத்து வைத்ததில் கருவண்டு வந்திருக்கிறது. வண்டு என்கிறோமே தவிர அதுவும் தேனீ இனம்தான், தச்சுத் தேனீ. எங்கள் முருங்கைப் பூவுக்கு முக்கியமான ஆள். கத்திரிப் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும், பெட்டியில் வளர்க்கிற தேனீக்கு அந்த வித்தை வராது. பூவைப் பிடித்ததும் ரீங்காரம் மாறும், டிரில் மரத்தைத் தொட்டதும் சத்தம் மாறுவது போல.

சின்ன வயதில் சாளையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தால் கூரையின் மூங்கில் வாரையைக் கருவண்டு குடைய, மாவு மாதிரி மரத்தூள் மூஞ்சியில் கொட்டும். கம்பை எடுத்தால் ஆத்தா விடமாட்டாள். “அதுபாட்டுக்கு அது இருந்துட்டுப் போகுது, உன்னய என்னடா பண்ணுச்சு?” இன்று சாளை இல்லை. மாட்டுக் கட்டுத்தரைக்குத் தகரம் வந்துவிட்டது, கிளுவை வேலியைப் பிடுங்கிக் கம்பி வேலி போட்டாயிற்று, வீட்டுக்குப் பின்னால் பொடக்காளி வரை சிமென்ட். தனித்தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணுக்குள் வளை தோண்டுகிறவை. அவற்றுக்கு எந்த ஹோட்டலும் உதவாது. அதனால் கிணற்றுமேட்டில் பத்தடி இடத்தைக் கொத்தாமல், நீர் பாய்ச்சாமல் சும்மா விட்டிருக்கிறேன். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

தேன் எடுக்கலாம் என்ற வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள். இரண்டு பேரில் ஒருவர் இன்னும் நான் எதையோ மறைக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஒரு பழைய டர்னர்,
மூலனூர் வட்டாரம், திருப்பூர் மாவட்டம்.