வேக்போர்டுக் கயிறு வாங்கும் முன்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஜூன் விடுமுறை நெருங்கிவிட்டது. சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் வேக்போர்டு விளையாட, அதாவது படகு கயிற்றால் இழுக்கப் பலகையில் நின்று சறுக்க, படகு எடுக்கப் போகிறவர்கள் கடைக்கு வந்ததும், "எத்தனை அடிக் கயிறு வாங்கலாம்?" என்றுதான் கேட்கிறார்கள். நீளத்தைப் பிறகு பார்ப்போம். கயிறு நீண்டு கொடுக்குமா, கொடுக்காதா என்பதை முதலில் பாருங்கள்.

போன விடுமுறையில் ஒருவர் தம் பதினொரு வயது மகளை அழைத்து வந்தார். பிள்ளை நன்றாக எழுந்து நிற்கிறாளாம். படகு கிளப்பும் அலையைத் தாண்டிக் குதிக்கும்போது மட்டும் கைப்பிடி கையை விட்டுப் போய்விடுகிறதாம். பையைத் திறந்தால், காற்றடைத்த மிதவையை இழுக்கும் தடித்த கயிறு! ஒரு முனையை அவரிடம் கொடுத்துவிட்டு மறுமுனையை இழுத்தேன். இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. அடுத்து அதே நீளத்தில், டைனீமா என்ற இழையில் செய்த ஒரு கயிறு. கம்பியை இழுத்த மாதிரி சட்டென்று நின்றது. சிறுமிக்கு அப்போதே புரிந்துவிட்டது.

பலகையின் ஓரத்தைத் தண்ணீரில் அழுத்தியபடி அலையை நோக்கி வரும்போது கயிறு விறைக்கும். அந்த இறுக்கத்தோடு அலையின் உச்சியில் காலை ஊன்றி எழும்பினால்தான் உயரம் கிடைக்கும். நீளும் கயிறு அந்த விசையை விழுங்கிக்கொள்ளும். ஆள் காற்றில் இருக்கும் நேரம் பார்த்து வெடுக்கென்று திருப்பித் தரும். அவள் கைப்பிடி பறிபோனது அதனால்தான்.

டைனீமா, ஸ்பெக்ட்ரா இரண்டும் ஒரே வகை இழைதான், பெயர்தான் வேறு. எடை குறைவு, தண்ணீரில் மிதக்கும், நீளவே நீளாது என்று சொல்லும் அளவுக்கு விறைப்பு. ஆனால் இப்போதுதான் எழுந்து நிற்கப் பழகுகிறவருக்கு அந்தச் செலவு வேண்டாம். கொஞ்சமே நீளும் பாலிஎதிலீன் கயிறு போதும். நைலான் மட்டும் வேண்டவே வேண்டாம். ரப்பர் போல நீளும், தண்ணீரில் மூழ்கும்.

சரி, நீளம். படகுக்குப் பின்னால் அலை விரிந்துகொண்டே போகும். பக்கத்தில் இடைவெளி குறுகல், தள்ளிப் போகப் போக அகலம். அதனால் பழகுகிறவர்களுக்கு 50 அடியோ அதற்கும் குறைவோ நல்லது. ஒரு பக்க அலையிலிருந்து மறுபக்கத்துக்குத் தாண்டத் தொடங்கியவர்களுக்கு 60, 65 அடி. 70, 75 எல்லாம் கைதேர்ந்தவர்களுக்கு. படகையும் வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும். நண்பர் 75 அடியில் குதிக்கிறார் என்று நீங்களும் 75 வாங்காதீர்கள், நடுவிலேயே விழுந்து முழங்கால்தான் நோகும். உங்கள் படகில், உங்கள் வேகத்தில், அலையின் உச்சி நுரைத்து உடையாமல் வழவழப்பாக இருக்கும் இடம் எதுவோ அதுதான் உங்கள் நீளம். ஐந்தைந்து அடித் துண்டுகளாகக் கழற்றக்கூடிய கயிறு வாங்கினால் ஒரே நாளில் அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம்.

வேக்போர்டுக் கயிற்றில் மிதவையைக் கட்டாதீர்கள். மூன்று நான்கு பேர் உட்கார்ந்த மிதவை தண்ணீரில் புதைந்தால் இழுவை பல மடங்காகும். டவரிலும், அதாவது வேக்போர்டுக் கயிறு கட்டப் படகின் மேலே நிற்கும் உயரச் சட்டத்திலும், மிதவையைக் கட்டக் கூடாது; அது அந்தச் சுமைக்குச் செய்ததல்ல. கயிறு அறுந்து படகை நோக்கித் திரும்பினால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அடி.

அப்புறம், கயிற்றில் முடிச்சு விழுந்தால் உடனே அவிழ்த்துவிடுங்கள். இறுகிய முடிச்சு கயிற்றின் பலத்தில் ஏறக்குறைய பாதியைத் தின்றுவிடும். கடலில் ஓட்டிவிட்டு வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள். நம் ஊர் வெயிலில் படகின் மேலேயே கிடக்கும் கயிறு சீக்கிரம் நைந்துபோகும்.

பழைய கயிறு இருந்தால் கைப்பிடியோடு கொண்டுவாருங்கள். கண்ணி தேய்ந்திருக்கிறதா, இழை அறுந்திருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம், கட்டணம் கிடையாது. நன்றாக இருந்தால் புதிது வாங்க வேண்டாம் என்றே சொல்வோம்.

அன்புடன்,
உங்கள் கடையிலிருந்து