கதவு கழற்றி ஓடுவது பற்றி: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் எங்கள் ஜீப் சங்க அங்கத்தவர்களுக்கும் வணக்கம். சந்தா, கூட்டக் குறிப்பு எல்லாம் வழமைபோல் நடந்திருக்கின்றன, கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். கடற்கரைத் துப்புரவுக்கு வந்து முதுகு முறிய வேலை செய்தவர்களுக்கு நன்றி. இந்த முறை அறிக்கையின் பெரும்பகுதியை ஒரே ஒரு விசயத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் வருசம் முழுக்க நாங்கள் கூடின இடமெல்லாம் அதைப் பற்றித்தான் வாய்த்தர்க்கம்: மணலுக்கும் பற்றைக்கும் போகும்போது ஜீப்பின் கதவைக் கழற்றுவதா, விடுவதா.

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கழற்றலாம், சில இடங்களில் கழற்றத்தான் வேண்டும். ஆனால் மெதுவாக ஓடும் இடத்தில் மட்டும், சீற் பெல்ற் உள்ள வண்டியில் மட்டும். வடிவுக்காகக் கழற்றிக்கொண்டு நகருக்குள் ஓடுவதற்குச் சங்கம் துணை நிற்கக் கூடாது.

ஏன் கழற்ற வேண்டும் என்று கேட்கிறவர்கள் வடமராட்சி கிழக்கு மணல்காட்டுக்கு ஒருமுறை வந்து பார்க்கவேண்டும். அங்கே ரயர் காற்றை 15 முதல் 18 இறாத்தல் வரைக்கும் இறக்கிவிட்டுத்தான் மணலில் ஏறுகிறோம். காற்று இறங்கினால் ரயர் பரந்து மணலின் மேலே நிற்கும், அவ்வளவுதான் அதன் சூட்சுமம். ஆனால் சக்கரம் ஒருதரம் இருந்த இடத்திலேயே சுழலத் தொடங்கிவிட்டால் கண் மூடித் திறப்பதற்குள் அச்சுவரை புதைந்துவிடும், அப்போது அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் ஆழம்தான். அந்த முதல் சுழற்சியைக் கண்ட உடனே காலை எடுக்க வேண்டும். கதவு இருந்தால் அது தெரியாது, எஞ்சின் சத்தத்தை வைத்து ஊகிக்க வேண்டும், அல்லது கழுத்தைக் கண்ணாடிக்கு வெளியே நீட்ட வேண்டும். கதவு இல்லாவிட்டால் கொஞ்சம் சரிந்து பார்த்தாலே முன்சக்கரத்தின் பக்கம் மணல் எப்படி ஒதுங்குகிறது, பின்னால் எப்படிச் சிதறுகிறது என்று கண்ணுக்கு நேரே தெரியும். எங்கள் நாட்டில் சாரதி வலப்பக்கம், ஆகவே இடப்பக்கச் சக்கரம் அவருக்குத் தெரியாது. இடது சீற்றில் இருப்பவர்தான் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அதனால் கழற்றுவதென்றால் இரண்டு பக்கமும் கழற்ற வேண்டும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. மணல் மேடுகளைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடியும் இராவணன் மீசைப் புல்லும்தான். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது வடமராட்சி கிழக்குச் சனம் பட்டது இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அந்தக் கரையில் மணல் மேடு ஒவ்வொன்றும் ஊருக்கு அரண். அந்தக் கொடியின் மேல் சக்கரம் ஏறி நாலு இடம் பிய்ந்தால் அடுத்த சோளகத்தில் மணல் பறக்கத் தொடங்கும். கதவு இல்லாத வண்டியில் கொடி எங்கே நிற்கிறது என்று சாரதி பார்த்து ஒதுக்கலாம், பார்த்தும் ஒதுக்காதவரைச் சங்கத்தில் வைத்திருக்கத் தேவையில்லை. சட்டவிரோத மணல் அகழ்வால் நொந்துபோயிருக்கிற ஊர்ச்சனம் ஜீப்பைக் கண்டாலே சந்தேகப்படுவதும் நியாயம்தான். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்காமல் முகம் தெரிய ஓடி, நின்று, அண்ணை, அக்கா என்று நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போவது நல்லது.

பணக் காரணமும் இருக்கிறது. 2020 மார்ச்சில் வந்த வாகன இறக்குமதித் தடை 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு விலகியது, விலகியும் வரியோடு சேர்த்த விலை எங்களில் பலருக்கு எட்டாது. ஆகவே பழைய லாண்ட் றோவர், மிற்சுபிசி, மகிந்திரா, ஜிம்னி இவற்றைத்தான் வைத்துக் காப்பாற்றுகிறோம். ஒரு கதவு பனங்குற்றியில் இடித்து நசுங்கினால் அதே மாதிரிக் கதவு தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தையின் உதிரிப்பாகக் கடைகளுக்கு அலைய வேண்டும். கழற்றி வைத்த கதவு நசுங்காது.

சரி, ஆபத்துக்கு வருகிறேன். இந்த வருசம் எங்கள் வடமராட்சி நாகர்கோவில் பக்கத்து மணல் பாதையில் ஒரு வண்டி இடப்பக்கம் நன்றாகச் சரிந்தது. இடது சீற்றில் இருந்த தம்பி, வண்டி புரளப் போகிறதென்ற பயத்தில் நிலத்தில் ஊன்றக் காலை வெளியே நீட்டினார். யோசித்துச் செய்ததல்ல, யாருக்கும் அப்படித்தான் வரும். சாரதி அசையாமல் பிறேக்கைப் பிடித்ததால் அவருடைய செருப்பு மட்டும் ரயருக்குக் கீழே போனது. ஒன்றரைத் தொன் வண்டியைக் காலால் தாங்க ஆராலும் முடியாது. கதவு வண்டி புரளாமல் தடுப்பதில்லை, புரளும்போது கைகாலை உள்ளே வைத்திருக்கிறது, கதவை எடுத்தால் அந்த வேலையைப் பெல்ற்றும் கதவு வாசலில் கட்டுகிற வலையும்தான் செய்ய வேண்டும். பழைய ஜீப் பலவற்றில் பெல்ற்றே இல்லை. பூட்டுகிறவர்கள் வெறும் தகரத்தில் துளைபோட்டு இறுக்காமல், பின்னால் தடித்த இரும்புத் தட்டு வைத்து இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் இழுக்கிற நேரத்தில் தகரத்தோடு பிய்ந்து வரும். பின்சீற்றில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு கதவு கழற்றவே வேண்டாம்.

முள்ளையும் மறக்கக் கூடாது. உடைமரப் பற்றைக்குள் போனால் வளைந்த கொப்பு திரும்பி வந்து முழங்காலிலோ முகத்திலோ அடிக்கும். அப்படியான இடத்துக்குக் கதவோடு போவதே சரி. சோளகம் எழும்பின மாதங்களிலும் அப்படித்தான், மணல் கண்ணில் விழுந்தால் சக்கரத்தை எப்படிப் பார்ப்பது? கன்வஸ் கதவு உள்ளவர்கள் அதைப் போட்டுக்கொள்ளலாம், சீரிஸ் லாண்ட் றோவர்காரருக்கு இன்னும் சுகம், கண்ணாடிச் சட்டம் மட்டும் தனியாகக் கழன்று வரும், கீழ்ப்பாதி அரைக்கதவாக நிற்கும்.

கழற்றுகிற முறையை எங்கள் கராச் அண்ணை பயிற்சிநாளில் காட்டியதை வராதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜீப் கம்பனியின் றாங்லர் வண்டியில் இருப்பது கழற்றுவதற்கென்றே செய்த கதவு, கதவை நிறுத்துகிற பட்டியை விடுவித்து, வயர்க் கொனெக்டரைப் பிரித்து, பிணைச்சலில் ரி-50 நட்சத்திரச் சாவியைப் போட்டால் தூக்கி எடுத்துவிடலாம். எங்கள் வண்டிகளில் பல அப்படியில்லை. ஜிம்னியில் பிணைச்சலையே போல்ற் போட்டு இறுக்கியிருக்கிறது, துளைகளில் கொஞ்சம் இடைவெளி இருப்பதால் கழற்றிப் பூட்டினால் கதவு அதே இடத்தில் உட்காராது, மழை உள்ளே வரும். ஆகவே போல்ற்றைத் தொடுவதற்கு முன்னரே பிணைச்சலைச் சுற்றிக் கூரான ஆணியால் மெல்லிய கோடு கீறிவிட வேண்டும், பூட்டும்போது அந்தக் கோட்டுக்குள் வைத்து இறுக்கினால் போதும். பெயின்ரில் உரசாமல் ஓரத்துக்கு ரேப் ஒட்டுங்கள். ஒருவர் கதவைத் தாங்க மற்றவர் கழற்ற வேண்டும், தனி ஆளாக முயல வேண்டாம்.

கதவு போனதும் உள்லைற் எரிந்துகொண்டே இருக்கும். கதவுச் சுவிச் வெளியே தள்ளி நிற்பதால் வண்டி கதவு திறந்திருப்பதாகவே நினைக்கும், பின்னேரம் பற்றரி இறங்கிவிடும். பியூஸைக் கழற்றுவது நல்லது. வயர் முனைகளைப் பொலித்தீனால் சுற்றுங்கள், உப்பு ஏறினால் பச்சை பிடிக்கும். பிணைச்சலுக்குக் கிறீஸ் பூசிவிட்டு மணலுக்குப் போக வேண்டாம், கிறீஸும் மணலும் சேர்ந்து அரைக்கிற பசையாகிவிடும். துணியால் துடைத்து உலர்ந்தபடி விட்டு, வீட்டுக்கு வந்து கழுவிய பிறகே எண்ணெய். லாண்ட் றோவர் கதவு இரும்புச் சட்டத்தில் அலுமினியத் தகடு, கடலுப்புப் பட்டால் இரண்டும் சேருகிற இடத்தில் அலுமினியம் வெள்ளையாகப் பொரிந்து அரிக்கும். அன்றைக்கே கிணற்று நல்ல தண்ணீரால் கழுவுங்கள், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாதீர்கள்.

கழற்றிய கதவை எங்கே வைப்பது என்பதுதான் நடைமுறைத் தலையிடி. குடத்தனையில் எங்கள் அங்கத்தவர் ஒருவர் தன் வளவைத் தந்தார். கதவுகளைச் சாக்கு விரித்துப் பழைய ரயரின் மேல் நிமிர்த்தி, சுவரோடு சாய்த்து வைத்தோம், படுக்கப் போட்டால் கண்ணாடியும் கைபிடியும்தான் முதலில் போகும். அவருக்கும் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றித் தந்த அவருடைய அம்மாவுக்கும் சங்கத்தின் நன்றி. கதவோடு அங்கே போய், கழற்றிவிட்டு மணலுக்கு இறங்கி, திரும்பி வந்து கதவைப் பூட்டிக் காற்றையும் அடித்த பிறகுதான் தார் றோட்டில் ஏறினோம். பல வண்டிகளில் பக்கக் கண்ணாடி கதவோடு போய்விடும், அது இல்லாமல் பருத்தித்துறை வீதியில் ஓடினால் பின்னால் பஸ் வருவதுகூடத் தெரியாது. ஃபோர்ட் கம்பனி 2021 மாதிரிப் புறொங்கோ வண்டியில் பக்கக் கண்ணாடியைக் கதவில் வைக்காமல் முன்னால் உடம்பிலேயே வைத்தது இதற்காகத்தான். எங்கள் கராச்சிலும் பழைய மகிந்திராவுக்கு அப்படி ஒன்றை முன்கண்ணாடிச் சட்டத்தின் பிணைச்சலில் பூட்டிப் பார்த்தோம், நன்றாக நிற்கிறது.

பாதை பற்றி இரண்டு வார்த்தை. முகமாலைப் பக்கம் கண்ணிவெடிச் சிவப்புப் பலகை நிற்கிற இடத்தில் வண்டியின் மூக்கைக்கூடத் திருப்பக் கூடாது. சுண்டிக்குளம் தேசியப் பூங்காவுக்குள் அனுமதி இல்லாமல் போகக் கூடாது. இவற்றில் விட்டுக்கொடுப்பு இல்லை.

ஆகவே கூட்டத்தின் முன் நான் வைக்கிற தீர்மானம் இது: சங்கப் பயணங்களில் கதவு கழற்றுவது மணற்பாதையில், ஆள் ஓடிப்பிடிக்கிற வேகத்துக்கு மேற்படாமல் மட்டும், இருக்கிற ஒவ்வொருவருக்கும் பெல்ற்றும் இரு பக்கத்துக்கும் வலையும் கட்டாயம், தார் றோட்டில் ஏறுவதற்கு முன் கதவும் கண்ணாடியும் பூட்டியிருக்க வேண்டும், பயிற்சிநாளில் இன்னொருவர் தாங்கத் தன் கதவைத் தானே கழற்றிப் பூட்டிக் காட்டாதவர் கதவோடுதான் வர வேண்டும். வலை வாங்குவதற்குச் சங்கப் பணத்தில் ஒரு தொகையையும் கேட்கிறேன். மாறுபட்ட கருத்துள்ளவர்கள் தயவுசெய்து இப்போதே எழுந்து சொல்லுங்கள், கை தூக்கிய பிறகு பொருளாளர் கணக்கை வாசிப்பார்.

செயலாளர்