எழுத்தருக்குப் பெயர் கிடையாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்ட வடக்குப் படையினரைத் தெற்குத் தரப்பு அடைத்து வைத்த ஆண்டர்சன்வில் சிறைமுகாம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால், "கல்லறைகளுக்குப் பெயர் பொறிக்கச் செய்தவர் கிளாரா பார்ட்டன், ஓர் எழுத்தர் அவருக்கு உதவினார்" என்று போகிற போக்கில் ஒரு வரி. அந்தப் போரில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்து பேர் வாங்கிய அந்த அம்மையாருக்கு அரைப்பக்கப் படம். முகாம் தலைவர் விர்ஸைத் தூக்கில் போட்ட கதைக்கு இரண்டு பத்தி. எழுத்தருக்குப் பெயர்கூட இல்லை.

10,000 பேருக்கென்று போட்ட அடைப்பில் 1864 ஆகஸ்டில் 32,000 பேருக்கு மேல் அடைத்து வைத்ததும், குடிக்க, கழுவ எல்லாவற்றுக்கும் ஒரே ஓடை என்பதும், 13,000 பேர்வரை அங்கேயே மாண்டதும் தாங்கள் அறியாததல்ல. அந்த 13,000 பேரின் பெயர்களையும் வடக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது யார் என்பதும் தெரிந்திருக்குமே? கனெக்டிகட்டிலிருந்து சின்ன வயதிலேயே பட்டாளத்துக்குப் போன டோரன்ஸ் அட்வாட்டர். அவரும் அங்கே கைதிதான். மருத்துவர் அலுவலகத்தில் உட்காரவைத்து இறப்புப் பதிவை எழுதச் சொன்னார்கள். அசல் பதிவு வடக்கே போய்ச் சேராது என்று பயந்து, காவலர் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுத் தனக்கென்று இன்னொரு படி எழுதி வைத்துக்கொண்டார். 1865 கோடையில் பார்ட்டன் அங்கே போனபோது கூடவே போனதும் இவர்தான்.

அதற்குக் கிடைத்த சன்மானம்? தன் கையால் எழுதிய பட்டியலைத் தானே திருடினார் என்று அவருடைய வடக்குத் தரப்பின் ராணுவ நீதிமன்றமே 18 மாதக் கடுங்காவல் விதித்து ஆபர்ன் சிறைக்கு அனுப்பியது. விர்ஸைத் தூக்கிலிட்ட 1865 நவம்பர் 10 அன்று, மாண்டவர்களின் பெயரைக் காப்பாற்றியவரும் கம்பி எண்ணிக்கொண்டிருந்தார்! ஓரிரு மாதத்தில் வெளியே விட்டார்கள். மறு ஆண்டு அந்தப் பட்டியலை நியூயார்க் டிரிப்யூன் நாளிதழ் வெளியிட்டபோது, பெருமை அட்வாட்டருக்கே உரியது என்று எழுதியவர் உங்கள் பார்ட்டன் அம்மையார்தான். அவருக்கு இருந்த பெருந்தன்மை கட்டுரையாளருக்கு இல்லாமல் போனது.

நான் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பிரிவில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். பெயரில் ஓர் எழுத்து பிசகியதால் குடும்ப ஓய்வூதியம் நின்றுபோய், மஞ்சள் பையில் ரேஷன் கார்டையும் கல்யாணப் பத்திரிகையையும் சுருட்டி எடுத்துக்கொண்டு படியேறிய பெண்கள் எத்தனை பேர்! செல்லரித்த பதிவேட்டை விரலால் தடவித் தடவித் தேடி, அந்தப் பெயர் கிடைத்ததும் அவர்கள் முகத்தைப் பார்த்திருந்தால் 'ஓர் எழுத்தர்' என்று எழுதக் கை வராது. அந்தப் பதிவேடுகளை எல்லாம் கணினியில் ஏற்றியது எங்கள் பிரிவு. குடியரசு தினத்தன்று கேடயம் வாங்கியது ஆணையர். தங்கள் இதழிலும் அவர் சிரித்த முகம்தான் வந்தது.

ஏரி தூர்வாரிய கட்டுரையிலும் இதே கூத்து. கலெக்டர் மண்வெட்டி பிடித்து நின்ற படம் அட்டையில். வெயிலில் மண் சுமந்த நூறு நாள் வேலைப் பெண்கள் 'பொதுமக்கள்' ஆகிவிட்டார்கள். அதைக் கண்டித்து எழுதினேன். முதல் இரண்டு வரி பாராட்டை மட்டும் வெட்டியெடுத்துப் போட்டு, என் தலைப்பெழுத்தையும் மாற்றிவிட்டீர்கள். நன்றி.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த இதழில் ஏதாவது ஒரு மூலையில், 'அந்த எழுத்தரின் பெயர் டோரன்ஸ் அட்வாட்டர்' என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். இடம் போதவில்லை என்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நெடுநாள் சந்தாதாரர்,
பட்டுக்கோட்டை